ஆயாவின் சேலைகளில் அம்மாவுக்கு ஒரு போர்வை: எப்படித் தைப்பது, யோசனை சொல்லுங்கள்

பாலக்கோட்டுப்_பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அம்மாவைப் பெற்ற ஆயா போன வருஷம் தவறிவிட்டார், வருஷத் திதியும் கொடுத்தாயிற்று. அவருடைய சேலைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் நூல் சேலைகள், வயலுக்கும் தக்காளி மண்டிக்கும் கட்டிக்கொண்டு போனவை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்டன. கொஞ்சம் பூனம் சேலைகள், அப்புறம் பெரிய மாமா கல்யாணத்துக்கு எடுத்த பட்டு ஒன்று.

வருகிற தை மாதம் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம். அம்மாவுக்கு என்ன கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, இந்தச் சேலைகளைத் துண்டு துண்டாக வெட்டி இணைத்து ஒரு பெரிய போர்வை தைக்கலாம் என்று என் தங்கை சொன்னாள். கடையில் கொடுப்பதாக இல்லை. பெரியம்மா, சின்னம்மா, மாமா வீடுகள், பேரன் பேத்திகள் எல்லோரும் ஆளுக்கு ஒரு துண்டாவது தங்கள் கையால் தைக்க வேண்டும் என்பது ஆசை. ஓசூரில் வேலை பார்க்கும் மாமா பையன் ஊசியே பிடித்ததில்லை, அவனும் தைக்கிறேன் என்கிறான். அம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

பட்டு, நூல், பூனம் மூன்றையும் சேர்த்துத் தைத்தால் நிற்குமா? உள்ளே பஞ்சு வைக்க வேண்டுமா? தைக்கத் தெரியாதவர்கள் தைத்தது பிரிந்து போகாமல் இருக்க என்ன செய்யலாம்? இன்னொன்று, போனவங்க சேலையை விசேஷத்துக்குக் கொடுக்கலாமா என்று பெரிய மாமா இழுக்கிறார். உங்கள் வீடுகளில் இதற்கு என்ன சொல்வார்கள்?

காவேரிப்பட்டணம்_டெய்லர்:

ரொம்ப நல்ல எண்ணம், கட்டாயம் செய்யுங்கள். முதலில் துணிகளைத் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். நூல் சேலையோடு நூல் சேலை மட்டும் சேரட்டும். பூனம் என்பது பாலியஸ்டர், நூல் துணிக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் அது சுருங்கி உருகிவிடும், அதோடு வழுக்கும், பழக்கம் இல்லாத கைக்கு அதில் நேராகத் தையல் வராது. அதைத் தலையணை உறைக்கோ பைக்கோ வைத்துக்கொள்ளலாம். பட்டை எடுத்து மடிப்புகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்தக் கோட்டிலேயே இற்றுப்போயிருக்கும். சரிகையும் உடம்பில் உராயும், நாளாக ஆகக் கறுக்கும். என்னைக் கேட்டால் பட்டை விட்டுவிடுங்கள்.

அடித்துணிக்குப் புதுசாக வாங்குவதென்றால் (பர்கூர் பக்கம்தானே, நல்ல காட்டன் கிடைக்கும்) தைக்கும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்திவிடுங்கள். ஆயா சேலைகள் சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கிவிட்டன. புதுத்துணி முதல் துவையலில்தான் சுருங்கும், அப்படிச் சுருங்கும்போது மேல்பக்கத்தையும் சேர்த்து இழுத்து, போர்வை முழுக்கக் கொசகொசவென்று ஆகிவிடும். அரக்கு, கருநீலம் மாதிரி அடர்ந்த நிறங்களை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் அந்தச் சேலை வேண்டாம்.

தைக்கத் தெரியாதவர்களுக்கு வழி இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவில் அட்டை வெட்டிக் கொடுங்கள், 12½ அங்குலச் சதுரம். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் 12 நிற்கும். அகலத்துக்கு 5, நீளத்துக்கு 7 என்று 35 துண்டு வைத்தால் 60க்கு 84 அங்குலம், ஒருவர் போர்த்திக்கொள்ளத் தாராளம். துண்டுகளை இணைப்பதை மிஷினில் ஒரே ஆள் செய்யட்டும். மற்றவர்கள் துண்டின் நடுவில் பூவோ, பெயரோ, வெறும் கோடோ கையால் போடட்டும். நடுவில் தையல் கோணினால் ஒன்றும் கெடாது, ஓரத்தில் கோணினால்தான் எல்லாம் இழுக்கும். மாமா பையன் தைத்ததைத் திருத்துகிறேன் என்று யாரும் பிரித்துத் தைக்காதீர்கள்.

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி:

தையல் எனக்குத் தெரியாது, ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அம்மாவிடம் கேட்காமல் கத்தரி வைக்காதீர்கள். உங்களுக்கு அது ஆயா சேலை, அவருக்கு அம்மா சேலை. எது எப்போது எடுத்தது, எதில் தூளி கட்டினார்கள், ஆஸ்பத்திரிக்குப் போன அன்று எதைக் கட்டியிருந்தார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எங்கள் பாட்டி போனபோது அத்தை சாயம் போன ஒரே ஒரு சேலையை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார், நகை நட்டு எதையும் கேட்கவில்லை. அந்தச் சேலையை யாராவது நல்ல எண்ணத்தோடு வெட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருக்க மாட்டார். திடீரென்று கொடுத்து அசத்த வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனாலும் வெட்டியது வெட்டியதுதானே, கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தேன்கனிக்கோட்டை_குளிர்:

மேலே சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வெட்டாமலே செய்யவும் ஒரு வழி இருக்கிறது. வங்காளத்தில் கந்தா என்றும் வட கர்நாடகத்தில் கவுதி என்றும் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக விட்டு நேர்கோட்டில் போடுவது) போட்டே போர்வை செய்கிறார்கள். ஐந்தரை மீட்டர் சேலையை இரண்டாக மடித்தால் 2¾ மீட்டர் நீளம், அகலம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். அப்படி இரண்டு சேலையை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நான்கு மடிப்பு வந்துவிடும், பஞ்சே தேவையில்லை. பஞ்சு வைத்துச் சரியாகத் தைக்காவிட்டால் துவைக்கும்போது உருண்டு ஒரு பக்கமாகப் போய்விடும். தரையில் நன்றாக விரித்து, சுருக்கம் நீவி, அங்கங்கே ஊக்கு குத்திவிட்டு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தையுங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் துணி புடைத்துக்கொள்ளும். சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து தைக்கலாம், ஆளுக்கு ஒரு வரிசை. என்றைக்காவது அம்மாவுக்குச் சேலையாகவே வேண்டும் என்று தோன்றினால் நூலை உருவினால் போதும், சேலை முழுசாகக் கையில் இருக்கும். மார்கழிக் குளிருக்கும் நல்ல கனம், எங்கள் ஊர்க்காரியாகச் சொல்கிறேன்.

அரூர்_பெரியம்மா:

உங்கள் மாமா சொல்வதைத் தள்ளிவிடாதே கண்ணு. அவருக்கும் அது பெற்ற தாய் சேலை, மனசு கேட்காமல்தான் சொல்கிறார். எங்கள் வீட்டில் பச்சைக் குழந்தையை முதல் முதலில் சுற்றுவதே பெரியவர்களின் பழைய சேலைத் துணியில்தான், நன்றாக வாழ்ந்து போனவர்கள் துணி பிள்ளைக்கு ஆயுசு என்பார்கள். அதை அவரிடம் சொல்லிப் பார். அப்படியும் அவருக்கு ஒப்பவில்லை என்றால் மணவறையில் கொடுக்க வேண்டாம். அன்றைக்கு முறைப்படி புதுச்சேலை எடுத்துக் கொடுங்கள், விசேஷம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பின பிறகு வீட்டில் வைத்துப் போர்வையைக் கொடுங்கள். முதல் தையலை அவரையே போடச் சொல்.

பாலக்கோட்டுப்_பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் அவரே பெட்டியை இறக்கச் சொன்னார். பட்டையும் ஒரு பச்சை நூல் சேலையையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். அந்தப் பச்சையில் காரணம் இருக்கிறது, அதை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். மற்றதை வெட்டாமல் தைக்கிறோம், எனக்கும் ஒரு வரிசை வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாமாவுக்கும் அரூர் பெரியம்மா சொன்னதைப் படித்துக் காட்டினேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறார். டெய்லர் அக்கா, எந்த நூல் வாங்குவது?

காவேரிப்பட்டணம்_டெய்லர்:

மிஷின் நூல் வேண்டாம், மெல்லிசு. எம்பிராய்டரி நூல்கண்டு வாங்குங்கள், அதில் 6 இழை இருக்கும், மூன்று மூன்று இழையாகப் பிரித்துக் கோத்துக்கொள்ளுங்கள். ஊசி கண் பெரிதாக இருக்கட்டும், பெரியவர்களுக்குக் கோக்க எளிது. புதுசாகத் தைக்கிறவர்களுக்கு முழங்கை நீளத்துக்கு மேல் நூல் கொடுக்காதீர்கள், சிக்கிக்கொள்ளும். முடிச்சை இரண்டு சேலைக்கு நடுவில் வருகிற மாதிரி உள்ளே தள்ளிவிடுங்கள், உடம்பில் உறுத்தாது.