புதுப்பிப்பு: இரண்டையும் சேர்த்தே படிக்கிறேன்

கிராபிக் டிசைனா (எழுத்தையும் படத்தையும் அமைப்பது), இலஸ்ட்ரேஷனா (படம் வரைவது), எதைப் படிக்கலாம் என்று யாழ்ப்பாணத்திலிருந்து முன்பு கேட்டிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள் என்ற அக்காவுக்கு நன்றி. அப்படியே சேர்ந்துவிட்டேன்.

முதல் வேலை, பண்ணைக் கடலில் வலை வீசுபவரை வைத்து ஒரு போஸ்டர். படத்தை ஆசைதீர வரைந்து முடித்தபிறகு பார்த்தால் தலைப்புக்கு இடமே இல்லை. தமிழில் வரிகளை நெருக்கவும் முடியாது. மேல்வரி ‘மு’வின் கீழ்ச்சுழியில் கீழ்வரி ‘கி’யின் மேல்விலங்கு போய் முட்டுகிறது. இப்போது எழுத்தின் இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டுத்தான் ஆளையே வரைகிறேன். இந்தப் பழக்கம் ஒன்றுக்காகவே சேர்த்துப் படிக்கலாம்.

அப்புறம், திரையில் மின்னிய நீலம் அச்சில் மங்கிவிட்டது. சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற 4 மைகளில் அந்த நீலம் வராது. அடுத்த போஸ்டரைத் தொடக்கத்திலேயே அந்த 4 மைகளுக்கான சிஎம்வைகே நிறமுறையில், 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) வைத்திருக்கிறேன். இந்த முறை நுங்கு.