பொன்மலை பாப்பா உமாநாத்தைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஒர்க்‌ஷாப் வீட்டுப் பிள்ளை:
அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். செப்டம்பர் 5 வந்தால் சங்கத் திடலுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். 1946-ல் அதே நாளில் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் செத்த இடம். மற்றத் தலைவர்கள் பேசும்போது பீடி பற்றவைக்க எழுந்து போகிறவர்கள்கூட, கம்யூனிஸ்ட் தலைவர் பாப்பா உமாநாத் மைக்கைப் பிடித்தால் உட்கார்ந்துவிடுவார்கள். காலனிப் பெண்கள் முன்னால் வந்து தரையில் உட்காருவார்கள். சங்கக் கூட்டத்தில் அது அபூர்வம்.

காரணம் எளிது. அவர் வெளியிலிருந்து வந்த தலைவர் இல்லை. பிறந்த பெயர் தனலட்சுமி. கணவனை இழந்த அம்மா, ரயில்வே தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டு வளர்த்த பிள்ளை. சாப்பிட வந்தவர்கள் வைத்த பெயர்தான் பாப்பா. கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை இருந்த காலத்தில் தாயும் மகளும் சிறையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். தாய் அங்கேயே இறந்துபோனார். கட்சியை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்தால் தாயின் முகத்தைப் பார்க்கலாம் என்றார்களாம். இவர் எழுதிக் கொடுக்கவில்லை. அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா, "போதும், சாப்பிடுங்க" என்பார்.

திருவெறும்பூர்க்காரன்:
1989 தேர்தலில் பாப்பா எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார். என் அம்மா அடிகுழாயில் நின்றுகொண்டிருந்தார். வரிசையை விட்டால் தண்ணீர் போச்சு. அதனால் குடத்தை விடாமலே குழாய்ப் பிரச்சினையைக் கொட்டித் தீர்த்தார். பாப்பாவும் அங்கேயே நின்று முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். சட்டமன்றத்துக்கும் போனார். குழாய் விஷயம் என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள்!

பழைய கார்டு:
சரி, பாப்பாவின் கணவர் உமாநாத்தை விட்டுவிட்டீர்களே? காசர்கோட்டுக்காரர். அண்ணாமலைப் பல்கலைக்கழகப் படிப்பை விட்டுவிட்டு இயக்கத்துக்கு வந்து, பிரிட்டிஷ் அரசு கம்யூனிஸ்டுகள் மேல் போட்ட சென்னைச் சதி வழக்கில் பி.ராமமூர்த்தி, மோகன் குமாரமங்கலத்தோடு சிறைக்குப் போனவர். புதுக்கோட்டையிலிருந்து 1962, 1967 என இரண்டு முறை எம்.பி. 1952-ல் இவர்கள் கல்யாணத்தை நடத்தி வைத்தது பெரியார். பெரியாருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் உரசல் இல்லாமல் இல்லை, ஆனாலும் வந்தார்.

அப்புறம் ஒன்று. 1974 மே ரயில்வே வேலைநிறுத்தத்தில் பொன்மலையில் வேலை பறிபோன வீட்டுப் பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள். அந்த 20 நாள் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்க வேண்டும்.