ஜாய் டிவிஷன், ஸ்மித்ஸ்: என் காது தப்பா?

நண்பர்களே, இரண்டுமே இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர ராக் இசைக்குழுக்கள்தான். ஆனால் எப்படி ஒப்பிடுவது என்று ஒரு வாரமாகக் குழம்பிக் கிடக்கிறேன்.

ஜாய் டிவிஷனில் என்னைப் பிடித்திழுப்பது பீட்டர் ஹூக்கின் பேஸ் கிடார். வழக்கமாக அடியில் கிடந்து தாளத்தோடு போகும் கருவி, இங்கே மேல் ஸ்தாயிக்கு ஏறி மெட்டையே சுமக்கிறது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் அதன்மேல் எதிரொலியைப் பூசியதில், காலிக் கிடங்குக்குள் நின்று கேட்பது போல இருக்கிறது. 1980 மே மாதம் பாடகர் இயன் கர்டிஸ் இறந்ததும் இரண்டே ஆல்பங்களோடு எல்லாம் முடிந்தது. மற்ற மூவரும் நியூ ஆர்டர் என்ற புதுக் குழுவாக ஆனார்கள்.

ஸ்மித்ஸ் 1982இல் தொடங்கி 1987இல் கலைந்த குழு. மோரிஸ்ஸி எவ்வளவு சோகமாகப் பாடினாலும் நடுவே ஒரு நக்கல் எட்டிப் பார்க்கும் (அதற்காகவே கேட்கிறேன்). ஜானி மாரின் மணி குலுங்குவது போன்ற கிடாரில் எனக்கு 60களின் பாப் சாயல்தான் கேட்கிறது, போஸ்ட்-பங்க் (பங்க் ராக்குக்குப் பின் வந்த, ஜாய் டிவிஷன் வாசித்த பாணி) அவ்வளவாக இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். முன்னவர்கள் இல்லாமல் பின்னவர்கள் வந்திருப்பார்களா, அல்லது ஊர் மட்டும்தான் பொதுவா? ஜாய் டிவிஷனின் 1979 ஆல்பம் 'அன்நோன் பிளெஷர்ஸ்', ஸ்மித்ஸின் 1986 ஆல்பம் 'த குவீன் இஸ் டெட்' இரண்டையும் கேட்டாயிற்று. அடுத்து எதைக் கேட்கலாம்? கிடார் வாசிப்பவர்கள் யாராவது விளக்கினால் ரொம்ப நல்லது.