தவிலின் தொப்பி என் அறையில் ஏன் கேட்கவில்லை?

கேள்வி: இரணைமடு வாசி

வணக்கம். கிளிநொச்சியில் எங்கள் வீட்டின் முன்னறையை இசை கேட்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். அறை 12 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்டது. சீமெந்துத் தரை, பூசிய கல்சுவர். ஆறரை அங்குலக் கூம்புள்ள பாவித்த ஸ்பீக்கர் சோடி ஒன்றை வாங்கி, 50 வோட் அம்பிளிபயரில் இணைத்திருக்கிறேன். குரலும் நாதஸ்வரமும் தெளிவாகவே கேட்கின்றன. ஆனால் தவிலில் வலப்பக்கத் தோலான வலந்தலையின் கூரிய ஒலி மட்டும் வருகிறதே தவிர, இடப்பக்கத் தோலான தொப்பியில் கழி விழும்போது எழ வேண்டிய கனம் வரவில்லை. சிறுவயதில் கோயில் வீதி மணலில் இருந்து விடியும்வரை மேளச்சமா கேட்டவன் என்பதால் இந்தக் குறையை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஸ்பீக்கர்கள் சுவரிலிருந்து 3 அடி முன்னே நிற்கின்றன. என் கதிரை அறையின் நடுவில் இருக்கிறது. நண்பர் ஒருவர் 100 வோட் அம்பிளிபயர் வாங்கச் சொல்கிறார். பணத்தைச் செலவிடுமுன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில்: பௌதிக ஆசிரியர், ஒட்டுசுட்டான்

தம்பி, அம்பிளிபயரை இப்போதைக்கு வாங்க வேண்டாம். 50 வோட்டை 100 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபெல் மட்டுமே. அதுவும் எல்லா ஒலிக்கும் ஒரேயளவாகக் கூடுமேயன்றி, இல்லாத பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, கொண்டுவராது.

நீங்கள் தந்த அளவுகளிலேயே காரணம் இருக்கிறது. காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1,130 அடி செல்கிறது. 12 அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 47 ஹேர்ட்ஸ் அளவில், அதாவது செக்கனுக்கு 47 அதிர்வில், ஒரு நிலையலை (சுவர்களில் மோதித் திரும்பி ஒரே இடத்தில் நிற்பதுபோன்ற அலை) உருவாகும். அதன் அமுக்கம் சுவரோரத்தில் மிகுந்தும், சரி நடுவில் இல்லாமலும் இருக்கும். அந்த நடுவிலேதான் நீங்கள் கதிரையைப் போட்டிருக்கிறீர்கள். அடுத்தது ஸ்பீக்கரின் இடம். கூம்பிலிருந்து பின்னே போகும் தாழ்ந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்ப 6 அடி பயணம் செய்கிறது. 94 ஹேர்ட்ஸில் அது அரை அலைநீளம் என்பதால், முன்னே வரும் ஒலியோடு எதிர்நிலையில் சேர்ந்து அதை அழித்துவிடுகிறது. தவிலின் கனம் இருக்கவேண்டிய பகுதியையே இந்த இரண்டும் சேர்ந்து குறைத்துவிடுகின்றன.

கதிரையைப் பின்சுவரிலிருந்து நாலரை அடிக்குக் கொண்டுபோங்கள். ஸ்பீக்கர்களை, கூம்புக்கும் சுவருக்கும் 1 அடி இடைவெளி இருக்குமாறு பின்னே தள்ளுங்கள். அப்போது அந்த அழிவு 280 ஹேர்ட்ஸுக்கு மேலே போய்விடும், சுவரின் துணையால் பேஸும் கூடும். பெட்டியின் பின்புறத்தில் காற்றுத் துளை இருந்தால் அது அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு முறையும் நான்கு விரற்கடை மட்டும் நகர்த்திக் கேளுங்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் பிடிக்கும், பொறுமை வேண்டும்.

பதில்: மின்னியலாளர், வவுனியா

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பாவித்த ஸ்பீக்கர் என்கிறீர்கள். ஒன்றின் கூம்பு முன்னே வரும்போது மற்றதன் கூம்பு உள்ளே போனால், எங்கே வைத்தாலும் பேஸ் வராது. அம்பிளிபயரை நிறுத்தி, வயரைக் கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ற் ரோச் பற்றரியின் நேர்முனையைச் சிவப்பு முனையிலும் மறைமுனையைக் கறுப்பு முனையிலும் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். இரண்டு பெரிய கூம்புகளும் ஒரே பக்கமாக அசைய வேண்டும். பழுதுபார்த்த பெட்டியென்றால் உள்ளே பெரிய கூம்பின் வயர் மட்டும் மாறியிருக்கக்கூடும். அதை உள்ளேயே திருத்த வேண்டும். வெளியே சிவப்பையும் கறுப்பையும் மாற்றினால் சிறிய கூம்பு தலைகீழாகிவிடும்.

பதில்: மாங்குளம்

மெல்லிய ஸ்பொஞ்சை வாங்கிச் சுவரில் ஒட்டிவிடாதீர்கள். நான் ஒட்டினேன், நாதஸ்வரத்தின் மினுக்கம் போனது, பேஸின் குறையோ அப்படியே நின்றது. நடு அறையில் கைதட்டிப் பாருங்கள். கணகணவென்று எதிரொலி வந்தால், பின்சுவரில் ஒரு தும்பு மெத்தையை நிமிர்த்தி வைத்து, பக்கச் சுவரோரம் புத்தக அலுமாரியை நகர்த்துங்கள்.

இரணைமடு வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை பின்னேரம் முதலில் கதிரையையும் ஸ்பீக்கர்களையும் நகர்த்தினேன். தொப்பி தொலைவில் கேட்பதுபோல ஓரளவு வந்தது. பிறகு பற்றரியைத் தொட்டுப் பார்த்தேன். இடப்பக்கக் கூம்பு நெல்லளவு முன்னே வந்தது, வலப்பக்கக் கூம்பு உள்ளே இழுத்தது. திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தால், அந்தக் கூம்பில் மட்டும் புதிய ஈயம் பளபளத்தது. முன்பு யாரோ பழுதுபார்த்தபோது இரண்டு வயர்களையும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். திருத்திப் பொருத்தியபின் முன்பு கேட்ட அதே தவில் தனியாவர்த்தனத்தைப் போட்டேன். தொப்பியின் ஒவ்வோர் அடியும் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், ஒரே இடத்திலிருந்து, முழுமையாக எழுந்தது. குசினியில் இருந்த அம்மா கைவேலையை விட்டுவிட்டு வந்து வாசற்படியில் நின்று கேட்டார்.

தாழ்ந்த அடி விழும்போதெல்லாம் தெற்குப் பக்க யன்னல் கண்ணாடி இப்போது கடகடக்கிறது. சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே பழைய சைக்கிள் ரியூப் துண்டை வெட்டிச் செருகியிருக்கிறேன். மெத்தை அடுத்த கிழமை.