கார்ஹெஞ்ச்: வழியில் இறங்கிப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

போன வருடம் ஜூலையில் டென்வரிலிருந்து மவுன்ட் ரஷ்மோருக்குக் காரில் போனோம். நான், மனைவி, பத்து வயது மகள், அப்புறம் எங்களோடு மூன்று மாதம் இருக்க வந்திருந்த அப்பா. மலையில் செதுக்கிய நான்கு முகங்களைப் பார்க்கத்தான் கிளம்பினோம், பார்க்கவும் செய்தோம், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் முதலில் எடுப்பது நெப்ராஸ்காவில் அல்லயன்ஸ் என்ற சின்ன ஊருக்கு வெளியே, புல்வெளி நடுவில், ஒன்றரை மணி நேரம் நின்ற கார்ஹெஞ்ச் என்ற இடத்தைத்தான். அதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

385 நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது பார்க்க அதிகம் கிடையாது. புல், வயல், வானம், இடையிடையே நிலக்கரி ஏற்றிக்கொண்டு போகும் நீள நீளமான ரயில்கள். மகள் பெட்டிகளை எண்ணத் தொடங்கி நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டாள். அப்பா முன் இருக்கையில் பேசாமலே வந்தார். வந்த நாளிலிருந்தே அவருக்கு இங்கே எதுவும் ஒட்டவில்லை. எதைக் காட்டினாலும் "நல்லா இருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். எங்கே கூட்டிப் போனால் அவர் முகம் மலரும் என்று தெரியாமல் நானும் தவித்துக்கொண்டிருந்தேன்.

மனைவிதான் கைபேசியில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இங்கே கார்களை நட்டு வைத்திருக்கிறார்களாம், இறங்கலாமா?" என்றாள். எனக்கு விருப்பமே இல்லை. இருட்டுவதற்குள் ரஷ்மோருக்குப் பக்கத்து ஊரான ராபிட் சிட்டி போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் கவலை. சரி, பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை என்று ஒத்துக்கொண்டேன்.

ஊருக்கு வடக்கே 3 மைல், 87ஆம் எண் சாலை ஓரத்திலேயே இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கல் தூண்கள்தான், இங்கிலாந்தில் பெரிய பெரிய கற்களை வட்டமாக நட்டு வைத்திருக்கிற பழங்கால ஸ்டோன்ஹெஞ்சேதான். கிட்டப் போகப் போக அந்தக் கல்லில் மட்கார்டு தெரிகிறது, ஹெட்லைட் இருந்த குழி தெரிகிறது. மொத்தம் 39 கார்கள், எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிறம். நிற்கிற கார்களை 5 அடி ஆழக் குழியில் டிக்கிப் பக்கம் கீழே வரும்படி இறக்கியிருக்கிறார்கள், அவற்றின் தலைக்கு மேலே இன்னொரு காரைக் குறுக்கே படுக்க வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். வட்டத்தின் விட்டம் 96 அடி. வட்டத்துக்கு வெளியே தனியாக நிற்பது 1962ஆம் வருடத்துக் காடிலாக் கார்.

என் அப்பா முப்பது வருடம் டிங்கரிங் வேலை பார்த்தவர். அடி வாங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, பட்டி போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து, வண்டி அடிபட்டதே தெரியாமல் திருப்பிக் கொடுப்பார். அவருக்கு இது பிடிக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இப்போதும் வருத்தப்படுகிறேன். வண்டி நின்றதும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு யாருக்காகவும் காத்திருக்காமல் இறங்கிப் போய்விட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு காரின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து மெதுவாக மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டிருந்தார். பட்டறையில் பட்டி தேய்த்த பிறகு மேடு பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க அப்படித்தான் தடவுவார். ஓரிடத்தில் சாம்பல் நிறம் நகம் அளவுக்கு உரிந்து அடியில் வெளிர்பச்சை தெரிந்தது. "இதுதான் கம்பெனி பெயின்ட்" என்றார். அங்கேயே குனிந்து அந்த அரை அங்குலப் பச்சையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைக் கட்டிய கதையை மகள் கைபேசியில் படித்துச் சொன்னாள். ஜிம் ரைண்டர்ஸ் என்பவர் எண்ணெய்த் துறையில் பொறியாளர், இங்கிலாந்தில் வேலை பார்த்த காலத்தில் ஸ்டோன்ஹெஞ்சை நன்றாகக் கவனித்து வைத்திருந்தவர். இந்த நிலத்தில் அவருடைய அப்பா வாழ்ந்திருக்கிறார். 1982இல் அப்பா இறந்தபோது கூடிய சொந்தக்காரர்கள், ஐந்து வருடம் கழித்து மறுபடி இங்கே ஒன்றுகூடி அவர் நினைவாக ஏதாவது செய்வோம் என்று பேசி வைத்தார்கள். சொன்னபடியே 1987இல் 35 பேர் வந்து, தாங்களே குழி வெட்டி, காரைத் தூக்கி நிறுத்தி, ஜூன் 21, கோடையின் மிக நீண்ட பகல் பொழுதன்று திறந்து வைத்தார்கள். முதலில் ஊரில் எதிர்ப்புதான், பழைய இரும்பு குவிந்து கிடப்பதாக நினைத்து எடுத்துவிடச் சொன்னவர்கள் உண்டு. ஆதரவாகவும் ஊர்க்காரர்களே ஒரு குழுவாகச் சேர்ந்து காப்பாற்றினார்கள். 2013இல் அல்லயன்ஸ் நகரத்துக்கே கொடையாகக் கொடுத்துவிட்டார்கள்.

அப்பா "அவங்க அப்பாவுக்காகவா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் திரும்ப வட்டத்துக்கு நடுவே போய் நின்றுகொண்டார். அதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் வட்டத்தில் மூன்று வெளிநாட்டுக் கார்கள் இருந்தனவாம். பிற்பாடு அவற்றை எடுத்து அங்கேயே புதைத்துவிட்டு அமெரிக்கக் கார்களை நிறுத்தியிருக்கிறார்கள், புதைத்த இடத்துக்கு அடையாளமும் இருக்கிறது. அப்பாவுக்கு அது மட்டும் பிடிக்கவில்லை. "எந்த ஊர் வண்டியா இருந்தா என்ன" என்றார். வட்டத்தைச் சுற்றிக் கார் பாகங்களால் செய்த வேறு சிற்பங்களும் இருக்கின்றன, மகளுக்கு அதில் சால்மன் மீன்தான் பிடித்தது.

நுழைவுக் கட்டணம் கிடையாது. முடிந்தால் சாயங்காலம் போங்கள். உச்சி வெயிலில் சாம்பல் நிறம் தட்டையாகத் தெரிகிறது; வெயில் சாய்ந்த பிறகு நிழல் நீண்டு விழும்போதுதான் அந்த வட்டம் வட்டமாகத் தெரிகிறது. நாங்கள் ராபிட் சிட்டி சேரும்போது இரவு பத்தரை. ஒருவரும் குறை சொல்லவில்லை.

இப்படி வழியில் நிறுத்தின இடம் உங்களுக்கும் இருக்கும். எழுதுங்கள்.

* * *

அண்ணா, நான் அங்கே 2017 ஆகஸ்ட் 21 அன்று இருந்தேன்! முழுச் சூரிய கிரகணம் அன்றைக்கு அந்த இடத்தின் மேலேயே வந்தது. சின்ன ஊர், சாலை முழுக்கக் கார், புல்வெளியில் மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கான ஜனம். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. சாயங்கால மங்கல் மாதிரி இல்லை அது, நிறமே வடிந்துபோன மாதிரி இருந்தது. கையில் மயிர் சிலிர்க்கிற அளவுக்குக் குளிர்ந்தது. பிறகு சட்டென்று இருட்டு. அந்த இரண்டரை நிமிடம் நான் சூரியனைப் பார்த்ததைவிடச் சுற்றித்தான் அதிகம் பார்த்தேன், ஏனென்றால் நாலா பக்கமும் அடிவானத்தில் ஒரே நேரத்தில் விடியல் மாதிரி ஆரஞ்சு நிறம், அதற்கு முன்னால் கறுப்பாக அந்தக் கார்கள். கார் என்றே தெரியவில்லை. பக்கத்தில் ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவர் யாரென்று எனக்குத் தெரியாது.

* * *

நான் கான்சாஸ் காக்கர் சிட்டி கயிற்று உருண்டையைச் சொல்கிறேன். 24ஆம் எண் நெடுஞ்சாலையில் போகும்போது பார்த்தது. ஃபிராங்க் ஸ்டோபர் என்ற விவசாயி 1953இல் பண்ணையில் வைக்கோல் கட்டிய சணல் துண்டுகளை வீணாக்காமல் முடிச்சுப் போட்டுச் சுற்ற ஆரம்பித்தாராம். எட்டு வருடத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது, 1961இல் ஊருக்கே கொடுத்துவிட்டார். அவர் 1974இல் இறந்த பிறகும் ஊர் நிறுத்தவில்லை, வருடா வருடம் ஆகஸ்ட்டில் கூடிச் சுற்றுகிறார்கள். கூரை மட்டும் உண்டு, சுவர் இல்லை. கிட்டே போனால் மழையில் நனைந்து காய்ந்த சாக்கு மணம் வரும். நடைபாதையில் கயிறு போலவே ஒரு கோடு வரைந்திருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் உருண்டையில் வந்து நிற்கும்.

எங்களைப் பார்த்துவிட்டு உள்ளூர்க்காரர் ஒருவர் சணல் கண்டு கொண்டு வந்தார். ஆளுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து, முந்தின ஆள் விட்ட முனையில் முடிச்சுப் போடச் சொன்னார். என் மகன் முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. அவர் அவசரப்படாமல் மூன்று தடவை சொல்லிக்கொடுத்தார். பிறகு உருண்டையைச் சுற்றி நடந்து இழுத்துக் கட்டினோம். எங்கள் துண்டு இப்போது எத்தனை அடுக்குக்கு உள்ளே இருக்குமோ.

மினசோட்டாவில் டார்வின் என்ற ஊரிலும் ஒன்று இருக்கிறது. அது ஃபிரான்சிஸ் ஜான்சன் என்ற ஒரே ஆள் 1950இல் தொடங்கி 29 வருடம் தனியாகச் சுற்றியது, 17,400 பவுண்டு. அதைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள், தொட முடியாது. இரண்டில் எது பெரிது என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. ஒன்று ஒரு மனிதனின் 29 வருடம், அதில் நான் கை வைக்கக் கூடாது என்பது சரிதான். இன்னொன்றில் என் மகனின் முடிச்சு இருக்கிறது.

* * *

எல்லாருடைய அனுபவமும் நன்றாக இருந்ததால் நான் மனக்குறையைச் சொல்லத் தயங்கினேன், சொல்லிவிடுகிறேன். டெக்சாஸ் அமரில்லோவுக்கு வெளியே காடிலாக் ராஞ்ச். பத்து காடிலாக்குகள் மூக்கு மண்ணுக்குள், வால் வானத்துக்கு. 1974இல் ஆன்ட் ஃபார்ம் என்ற கலைக் குழு செய்தது, ஊர் வளரவும் 1997இல் இரண்டு மைல் மேற்கே தள்ளி நட்டார்கள். வருகிறவர்கள் ஸ்பிரே பெயின்ட் அடிக்கலாம், அதற்கு அனுமதி உண்டு, அடித்து அடித்து ஓரங்களில் பெயின்ட் தேன்கூடு மாதிரித் தடித்துத் தொங்குகிறது. நாங்கள் போன அன்று மழை பெய்த சேறு, அதில் எங்கே பார்த்தாலும் காலி டப்பாக்கள். காற்றில் உருண்டு பக்கத்து வயலுக்குப் போகின்றன. நான் கையில் இருந்த பையில் முடிந்த மட்டும் பொறுக்கினேன், பை ரொம்பச் சீக்கிரம் நிறைந்துவிட்டது. ஒரு டப்பா வாங்கி வரத் தெரிந்தவர்களுக்கு அதைத் திருப்பி எடுத்துப் போவது என்ன கஷ்டம்? போகிறவர்கள் தயவுசெய்து குப்பைப் பை எடுத்துப் போங்கள்.

* * *

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒன்று. கோல்பர்னில் 15 மீட்டர் உயரக் கான்கிரீட் செம்மறி ஆடு, பிக் மெரினோ. 1985இல் கட்டினார்கள், அந்தப் பக்கம் கம்பளிதான் பிழைப்பு. 1992இல் நெடுஞ்சாலை ஊரைச் சுற்றிப் போகும்படி மாறியது, வண்டிகள் நிற்பது குறைந்தது. அதனால் 2007இல் ஆட்டையே பெயர்த்து புதுச் சாலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். சிட்னியிலிருந்து கான்பரா போகும்போதெல்லாம் நிறுத்துவோம். வயிற்றுக்குள் படிக்கட்டு இருக்கிறது, ஏறிப் போய் ஆட்டின் கண் வழியாக எட்டிப் பார்க்கலாம். என் பெண் மூன்று வயதில் தூக்கிக் காட்டச் சொன்னாள், போன மாதம் என்னைத் தள்ளச் சொல்லிவிட்டு அவளே நின்று பார்த்தாள்.

நம் பதிவு போட்டவரிடம் ஒரு கேள்வி: உங்கள் அப்பா ஊர் திரும்பிய பிறகு அந்த இடத்தைப் பற்றிப் பேசினாரா?

* * *

பேசினார். திரும்பி வரும்போதே "அதே வழியா போலாமா?" என்று அவரே கேட்டார், அதனால் இரண்டாவது தடவையும் நின்றோம். அன்றைக்கு என் கைபேசியை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம்தான் படங்களைத் திறந்து பார்த்தேன், நாற்பத்தி மூன்று இருந்தன. ஒன்றில்கூட நாங்கள் யாரும் இல்லை. மேல் காரும் கீழ் காரும் சேருகிற இடம், பற்றவைத்த தழும்பு, மண்ணுக்குள் தகரம் இறங்குகிற ஓரத்தில் பிடித்த துரு. கடைசிப் படம் அந்த அரை அங்குலப் பச்சை. அதை மட்டும் பிரின்ட் போட்டு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன்.