ஏழு ஆர்ட் கார்கள், இரண்டு பள்ளிக்கூடம், அப்புறம் நம்மூருக்கு ஒரு யோசனை

நம்மூர்ச் சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கல் கூட்டத்தைப் பற்றிய பேச்சில் டல்லாஸ் சித்தப்பா, "நோட்டுப் புத்தகம், பை தவிர நம்மூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தார். என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. போன ஏப்ரலில் நான் போய்வந்த ஒரு பயணத்தைச் சொன்னால்தான் அது புரியும், அதனால் மடல் கொஞ்சம் நீளம்.

டெக்சாஸில் ஹூஸ்டன் நகரத்தில் இருப்பவர்களுக்கு ஆர்ட் கார் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அது ரோட்டில் ஓடுகிற சாதாரணக் கார்தான். சொந்தக்காரர் அதன்மேல் வண்ணம் பூசுவார். பாட்டில் மூடி, பொம்மை, உடைந்த கண்ணாடி என்று கிடைத்ததை ஒட்டுவார். தகரத்தை வளைத்துப் பற்றவைத்துத் தன் மனதில் இருக்கிற உருவத்துக்குக் கொண்டுவருவார். 1984-ல் ஜாக்கி ஹாரிஸ் என்ற ஓவியர் ஒரு பழைய ஃபோர்டு ஸ்டேஷன் வேகன் காரைப் பிளாஸ்டிக் பழங்கள் ஒட்டிய பழவண்டியாக மாற்றினார். 1988-ல் ஹூஸ்டனில் 40 வண்டிகளோடு முதல் ஆர்ட் கார் ஊர்வலம் நடந்தது. இப்போது 250-க்கும் மேற்பட்ட வண்டிகள் வருகின்றன, பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம் கூடுகிறது. நடத்துவது ஆரஞ்ச் ஷோ என்ற அமைப்பு. அந்தப் பெயரே ஒரு தபால்காரர் கட்டிய கட்டடத்தின் பெயர். ஜெஃப் மெக்கிஸாக் என்பவர் 1956-லிருந்து 1979 வரை பழைய சக்கரம், டிராக்டர் இருக்கை, ஓடு எல்லாம் சேர்த்து, ஆரஞ்சுப் பழத்தின் பெருமைக்காகத் தன் கையாலேயே அதைக் கட்டி முடித்தார். ஹூஸ்டன் பக்கம் வந்தால் கட்டாயம் பாருங்கள்.

ஊர்வலத்தை ஒட்டி 'மெயின் ஸ்ட்ரீட் டிராக்' என்று ஒன்று நடக்கும். ஊர்வலத்துக்கு வர முடியாதவர்களைத் தேடி, பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் வண்டிகள் பிரிந்து போகும். நல்ல வழக்கம், ஆனால் அது நகரத்தைச் சுற்றித்தான். என் பக்கத்து வீட்டுப் பெரியவரும் ஆர்ட் கார் வைத்திருக்கிறார். அவரும் கூட்டாளிகள் ஆறு பேரும் சேர்ந்து, தென்மேற்கே வார்ட்டன், எல் காம்போ பக்கம் இருக்கிற கிராமத்துப் பள்ளிகளுக்குப் போகலாம் என்று முடிவு செய்தார்கள். கடைசி வண்டியாக என் பிக்கப்பை ஓட்டி வர என்னைக் கூப்பிட்டார்கள். அதில் பசை, கம்பி, ஜாக்கி, தண்ணீர் கேன் எல்லாம் இருந்தன.

அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா? கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல் வயல். மண்வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு நம்மூர் ஏரிக்கரைக்குக் கீழே நிற்பதுபோல இருந்தது. நடுவில் ஒரு வண்டியின் கூரையில் இருந்த தகரக் கொக்கு காற்றில் ஆட ஆரம்பித்தது. ஓரங்கட்டி, கம்பி போட்டு இறுக்கினோம். அதற்குப் பிறகு மணிக்கு 50 மைலைத் தாண்டவில்லை. ஒட்டின பொருள் பிடித்து நிற்பது பசையைவிட அடிவேலையில்தான் இருக்கிறதாம். பெயிண்டின் பளபளப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, சிலிக்கான் பசையில் ஒட்ட வேண்டும். வெயிலில் தகரம் விரிந்தாலும் சிலிக்கான் ரப்பர் மாதிரி கூடவே இழுபடும். கெட்டியாக இறுகும் பசை வெடித்துவிடும் என்று பெரியவர் சொன்னார்.

முதல் பள்ளியில் எனக்கு மனசே ஆறவில்லை. வண்டிகளைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். வகுப்பு வகுப்பாக வரிசையில் வந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு வகுப்புக்குப் பன்னிரண்டு நிமிடம். கை நீட்டிய ஒரு பொடியனை ஆசிரியை இழுத்து வரிசையில் விட்டார். குழந்தைகள் சிரித்தார்கள், கையசைத்தார்கள், ஆனால் ஒரு கேள்விகூட வரவில்லை. அவ்வளவு தூரம் போனது இதற்கா என்று இருந்தது.

இரண்டாவது பள்ளியில் இறங்கியதும் பெரியவர் நேராகத் தலைமை ஆசிரியையிடம் போய், "கயிறு வேண்டாம். தொடட்டும். உடைந்தால் ஒட்டிக்கொள்கிறோம்" என்று கேட்டுக்கொண்டார். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

பெரியவருடைய வண்டி ஒரு முதலை. முதுகெல்லாம் பச்சைப் பாட்டில் மூடி. வாயில் முக்கோணமாக, ரம்பம் மாதிரி வெட்டுள்ள இரும்புப் பற்கள். குழந்தைகள் கையில் படும் என்று முனையைத் தேய்த்து மழுக்கி வைத்திருக்கிறார். ஹூஸ்டனில் பார்ப்பவர்கள் எல்லோரும் அவரிடம் கேட்பது, "இந்தப் பல்லை எங்கே வாங்கினீர்கள்?" என்பதுதான். இங்கே ஒன்பது பத்து வயதுப் பையன் ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, "இது அறுவடை மெஷின் பிளேடு" என்றான். ஒன்று உடைந்தால் அப்பா இரவோடு இரவாக மாற்றுவாராம், டார்ச் பிடிப்பது இவன் வேலையாம். பட்டையில் அது எந்தப் பக்கம் வைத்து முடுக்கப்படும் என்று விரலாலேயே காட்டினான். கூட இருந்த பிள்ளைகள் எல்லாம் அவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். பெரியவரும் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம்தான் கேள்விகள் கொட்டின. மூடி எத்தனை, மழையில் துருப்பிடிக்காதா, போலீஸ் பிடிக்காதா என்று. ஒரு சின்னப் பெண் ரொம்ப நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "இதைச் செய்ய உங்களுக்கு யார் பெர்மிஷன் கொடுத்தது?" என்றாள். "யாரும் இல்லை கண்ணு. இது என் கார். எனக்குத் தோன்றியது, செய்தேன்" என்றார் அவர். அவள் அதைக் கேட்டுவிட்டு வண்டியை இன்னொரு தடவை சுற்றி வந்தாள். அவள் முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நானும் அந்த வயதில் லாரிப் பட்டறை வாசலில் அப்படித்தான் நின்றிருக்கிறேன்.

யோசனை இதுதான். அமெரிக்காவிலிருந்து எதையும் கொண்டுபோக வேண்டியதில்லை. லாரிக்குப் பாடி கட்டுகிற நாமக்கல் பட்டறைகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. லாரி வைத்திருக்கிற குடும்பங்கள் நம் சங்கத்திலேயே உண்டு. ஜனவரியில் ஒரு நாள் நன்றாக வண்ணம் அடித்த இரண்டு மூன்று லாரிகளைப் பள்ளி மைதானத்தில் நிறுத்துவோம். கூடவே வண்டிக்குப் படமும் எழுத்தும் போடுகிற ஓவியர் ஒருவரை, அவருக்கு உரிய கூலி கொடுத்து, பிரஷ்ஷோடு வரச் சொல்வோம். ஓடாமல் கிடக்கிற ஒரு பழைய டெம்போவைச் சங்கம் வாங்கிக் கொடுத்தால், பிள்ளைகளே அதில் கைவைக்கட்டும். கிணற்று மோட்டார், தறி, டிராக்டர் என்று எந்தச் சாமானைக் கொண்டுவந்தாலும், அது என்ன என்று தெரிந்த ஒரு பிள்ளை அங்கே இருக்கும். நோட்டுப் புத்தகத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அது தொடரட்டும். ஒரே ஒரு வேண்டுகோள்: மேடை, மாலை, பொன்னாடை வேண்டாம். அந்த நேரமும் பிள்ளைகளுக்கே போகட்டும்.

தலைமை ஆசிரியரிடம் யார் பேசுவது என்று ஊரில் இருக்கிற அண்ணன்கள் சொல்லுங்கள். லாரிக்கு யாரிடம் கேட்கலாம் என்று சேலத்து மாமா யோசித்து வையுங்கள்.

டெக்சாஸ்காரர்களுக்கு: பெரியவர் கூட்டம் அடுத்த ஏப்ரலிலும் போகிறது. பின்வண்டி ஓட்ட இரண்டு பேர் தேவை. வருகிறவர்கள் லைசென்ஸை மறக்காமல் எடுத்து வாருங்கள். பள்ளி அலுவலகத்தில் அதைக் காட்டி, பெயர்ச்சீட்டு வாங்கிச் சட்டையில் ஒட்டினால்தான் உள்ளே விடுவார்கள்.