மீனில் ஃபார்மலின்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கயல்_திருச்சி
ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம், புதுக் கடை. கழுவும்போதே அம்மா "கண்ணு எரியுதுடி" என்று கையை உதறினார். குனிந்து முகர்ந்தேன். மீன் வாடையே இல்லை. நர்சிங் முதல் வருடம் உடற்கூறு அறைக் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே, அதே நெடி. துண்டை அழுத்தினால் ரப்பர் மாதிரி விறைப்பு. பிணம் கெடாமல் இருக்கப் போடும் மருந்தை அம்மா வெறுங்கையால் அலசியிருக்கிறார். அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

நாகை_கரையோரம்
இப்படிப் பேசிப் பேசித்தான் எல்லா மீன்காரர்கள் மேலும் பழி விழுகிறது. 2018 ஜூலையில், சென்னை மீனில் ஃபார்மலின் என்று டிவியில் ஓடிய வாரம், விடியற்காலை ஏலத்தில் எடுத்த சங்கராவை என் அம்மா தெருவில் கூறு கட்டியிருந்தார். வந்தவர் ஒருவர், "மருந்தடிச்ச மீனை என் தலையில கட்டுறியா?" என்று கூடைக்குள் வீசினார். அம்மா ஒன்றும் பேசாமல் மீனைத் துடைத்துத் திரும்ப அடுக்கினார். அன்றே இறங்கி அன்றே விற்கும் மீனுக்கு மருந்து எதற்கு? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் விசைப்படகுகள் கடலுக்கே போகாது. அப்போதும் திருச்சியில் வஞ்சிரம் கிடைக்கிறதே, எங்கிருந்து, எத்தனை நாள் லாரியில் வந்தது என்று கேளுங்கள். ஐஸ் காசை மிச்சம் பிடிக்கிற வியாபாரி செய்யும் வேலை இது.

லேப்_சேகரன்
கொச்சியில் அத்தை வீட்டில் ஃபார்மலின் சோதனைக் காகிதத்தை மீனில் தேய்த்து, அதோடு வந்த சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டோம். நிறம் மாறியதும் அத்தை அடுப்பையே அணைத்துவிட்டார். அங்குள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய கிட் அது, மீனில் கலக்கும் அம்மோனியாவைக் கண்டுபிடிக்கவும் தனியாக உண்டு.

கயல், நெடியை மட்டும் நம்ப வேண்டாம். கொஞ்சமாகப் போட்டிருந்தால் தெரியாது. ஈ மொய்க்கவில்லை என்பதும் சான்றாகாது. கழுவினாலும் வேகவைத்தாலும் ஓரளவு குறையுமே தவிர முழுக்கப் போகாது. ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. ஆனால் அது பெரும்பாலும் வேலையிடத்தில் நெடுநாள் சுவாசித்தவர்களை வைத்துச் சொன்னது. ஒருவேளைக் குழம்புக்கு அலற வேண்டாம், வயிறு எரிந்தால் டாக்டரைப் பாருங்கள். இன்னொன்று, தும்பிலி மாதிரி சில மீன்களில் ஐஸில் இருக்கும்போதே ஃபார்மால்டிஹைடு தானாக உருவாகும். அதனால் கிட் காட்டியதுமே கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், மாதிரியை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள்.

நாகை_கரையோரம்
சேகரன் சார், அந்தக் கிட் தமிழ்நாட்டில் எங்கே வாங்கலாம்? அம்மா கூடையிலேயே ஒன்று வைத்துவிடுகிறேன். கேட்கிறவர் கண்முன்னே தேய்த்துக் காட்டட்டும்.